கீல்

விழுந்த சத்தம் முதலில் வரவில்லை.
வால் மட்டும் தனியே திரும்பியதைத்தான் பார்த்தோம்,
காற்றில் ஆடும், சாத்த ஆளில்லாத கதவு மாதிரி.
சக்கரத்தை இறக்கிவிட்டு
உச்சிப்புளி ஓடுதளத்துக்கு மூக்கைத் தாழ்த்தி
வந்துகொண்டிருந்தது.
சேசுராசு வள்ளத்தில் எழுந்து நின்று
"ஏ... ஏ..." என்றான்,
பாதை தப்பி நடப்பவனைக் கூப்பிடுவது போல.
அப்புறம்தான் சத்தம்.
அப்புறம் நுரை.

காலியாகத்தான் வந்ததாம்.
எங்கள் நண்டை ஏற்றிப் போக வந்தது.
ஓடுதளத்தின் ஓரக் கொட்டகையில்
நாற்பது தெர்மகோல் பெட்டி,
கால் கட்டிய நண்டுகள், சிங்கப்பூர் என்று ஒட்டிய சீட்டு.
மறுநாள் ஏஜெண்டு சீனி இபுராகிம்
பெட்டிகளைக் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்தார்.
பாதி செத்திருந்தது.
மீதியைக் கடலில் கொட்டப் போனவரை நான்தான் நிறுத்தினேன்:
"கட்டோட கொட்டாதீங்க பாய்."
ராத்திரி வரை உட்கார்ந்து கயிறு அறுத்தோம்.
அதற்குள் சேசுராசு
ஓட்டி வந்தவர்களில் ஒருவனைக் கரை சேர்த்திருந்தான்.
அவன் இடது கை இன்னும்
எதையோ பிடித்து இழுத்தபடியே இருந்தது.
நீட்டிப் பார்த்தார்கள், நீளவில்லை.

நாலாம் நாள் வனத்துறைப் படகு வந்தது.
முயல்தீவுப் பக்கம் போனால்
பையைப் பிடுங்கி, பாசியைக் கொட்டி,
பெயர் எழுதிக்கொண்டு விரட்டுமே, அதே படகு.
"இங்க நம்புத்தாயி யாரு?"
நான் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.
பழக்கம்.

நேவிக்காரர்களுக்கு எஞ்சின் கிடைத்தது,
இறக்கை கிடைத்தது, இன்னொருவனும் கிடைத்தான்.
கிடைக்காதது ஒரு கையகல இரும்பு.
அடியில் கட்டக்கோரை ஆளுயரம், தண்ணீர் கலங்கல்.
காற்றுக் குடுவை கட்டியவர்களுக்குப் பார்க்கத் தெரியும்,
தடவத் தெரியாது.
விசாரிக்க வந்த கல்கத்தாக்காரர்
தாளைத் தேடினார், எல்லாம் நனைந்திருந்தது.
என் உள்ளங்கையை வாங்கி
பேனாவால் அதில் கீலை வரைந்தார்.
கூசியது. சிரித்துவிட்டேன்.
சிரித்திருக்கக் கூடாது.

ஆறு பெண்கள். நாளுக்கு எழுநூறு, வாய்ச்சொல்தான்.
விரல்களில் துணி சுற்றி
பாதத்தில் தகரம் கட்டி
மூன்று பாகம் கீழே.
ஒரு மூச்சுக்கு ஒரு பாய் அகலத் தரை.
மேலே வந்து, கக்கி, காது அடைத்து,
மறுபடி ஒரு பாய்.
இரண்டாம் நாள் மத்தியானம்
கோரை வேருக்குள் விரல் நின்றது.
பாறை இவ்வளவு நேராக முடியாது.

அவர் அதைத் துணியால் ஒற்றினார்,
குழந்தை முகத்தை ஒற்றுவது போல.
உடைந்த பக்கத்தில் வரிகள்.
ஓதம் வற்றுகையில்
மணலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கடல் விட்டுப் போகுமே,
அச்சு அசல் அது.
ஒவ்வொரு வரியும் ஒருமுறை ஏறி இறங்கியது என்று
மொழி சொன்ன பையன் சொன்னான்.
இரும்பும் அலுக்குமாம்.
முக்கால்வாசி கருத்துக் கிடந்தது, பழைய விரிசல்.
ஓரத்தில் ஒரு நகக்கண் அளவு மட்டும் பளபளப்பு.
அது மட்டும்தான் அன்றைக்கு உடைந்தது.
அன்றைக்கு வரை அந்த நகக்கண்தான்
இரண்டு உயிரையும் தாங்கிப் பறந்திருக்கிறது.

"இத்தனை வரி விழுகிற வரைக்கும்
யாருமே கழற்றிப் பார்க்கலையா?" என்றேன்.
பையன் அதை மட்டும்
அவருக்குச் சொல்லவில்லை.

கூலி இன்னும் வரவில்லை.
போன வாரம் மரிக்கொழுந்துப் பாசிக்குத்
தீவுப் பக்கம் போனோம்.
அதே படகு.
கொட்டச் சொன்னார்கள், கொட்டினேன்.
எழுதுகிறவன் நோட்டைத் திறந்து
பெயர் கேட்டான்,
முன்பின் பார்த்தே இராதவன் போல.